ஓரச் சீட்டு ரசிகர்

ஒரு படம் எப்படி இருந்தது என்று இவரிடம் கேட்டால் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார். "ரெண்டு நாள் சோறு இறங்கலை சார்" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். இவர் அறிகுறி போடுவார். லேசான தலைவலி என்றால் சுமார் படம். தூக்கம் போனால் ஒருமுறை பார்க்கலாம். குமட்டினால் தவற விடக் கூடாது. எங்காவது யாராவது மயங்கி விழுந்திருந்தால் உலகத் தரம்.

ஆபீசுக்கு ஒருவர், அப்பார்ட்மென்டுக்கு ஒருவர் என்று இவர்கள் பரவலாகவே கிடைக்கிறார்கள். நான் சொல்பவர் ஒருகாலத்தில் பர்மா பஜாரில் நடந்தால் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அங்கே வாங்கிய டிவிடிகள் இன்னும் பீரோவின் மேல்தட்டில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. மனைவிக்கு எட்டும், அவர் தூசி தட்டக்கூடத் தொடுவதில்லை. பாலா படம் பார்த்துவிட்டு மனசு கனத்துப்போய் வருகிறவர்களை இவர் பரிவோடு பார்த்து, "அதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் சார்" என்பார்.

பேச்சை எடுக்க இவர் தேர்ந்தெடுக்கும் நேரம் சாப்பாட்டு நேரம். தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்து, பசோலினி 1975-ல் எடுத்த 'சாலோ'வை ஆரம்பிப்பார். "அதுல ஒரு விருந்து வரும் சார்..." அந்த விருந்தில் என்ன பரிமாறுகிறார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்வார். நாம் சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போகும்போதுதான் ஆறுதல் வரும்: "நிஜம் இல்ல சார், சாக்லேட்டும் ஆரஞ்சு மார்மலேடும்!" அதன் பிறகு அவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லேட்டை எங்கள் பிரிவில் யாரும் வாங்கவில்லை. இந்த மாதிரிச் சமையல் குறிப்புகள் எல்லாமே அவருக்கு அத்துப்படி. 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் பேய் பிடித்த சிறுமி பாதிரியார் முகத்தில் கக்குவது பட்டாணி சூப். 'சைக்கோ' (1960) குளியலறையில் ஓடுவது சாக்லேட் சிரப். புனுவலும் டாலியும் 1929-ல் எடுத்த குறும்படத்தில் சவரக்கத்தி கிழிக்கும் கண், கன்றுக்குட்டியின் கண்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபின் கடைசியில் ஒரு வரி வரும். அதற்காகத்தான் இவ்வளவு பீடிகையும். "எனக்கு ஒண்ணும் ஆகலை சார்."

அந்த வயிற்றின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மரியாதை இருந்தது. காஸ்பர் நோயேவின் 'இர்ரிவர்சிபிள்' 2002-ல் கான் விழாவில் ஓடியபோது கும்பல் கும்பலாக எழுந்து வெளியே போனார்கள். சிலருக்கு ஆக்சிஜன் வைக்கவேண்டி வந்தது. அந்தப் படத்தை இவர் மிக்சர் கொறித்துக்கொண்டே பார்த்தாராம். எதில் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"லேப்டாப்லதான்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தின் முதல் அரைமணி நேரத்துக்கு, பார்ப்பவர் வயிற்றைக் கலக்குவதற்கென்றே சுமார் 28 ஹெர்ட்ஸில் ஓர் அடித்தொனியை ஓடவிட்டிருக்கிறார் இயக்குநர். மனிதக் காதுக்கு எட்டும் கீழ்ப்படியே 20 ஹெர்ட்ஸ்தான். இது கேட்கிற சத்தம் என்பதைவிட நெஞ்சுக்கூட்டில் உட்காருகிற அதிர்வு. தியேட்டரில் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கரில்தான் அது எழும். நம்மவர் லேப்டாப்பில் இருக்கும் புளியங்கொட்டை அளவு ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் வராது. நோயே அனுப்பிய குமட்டல் இவர் வீட்டு வாசலுக்கே வந்து சேரவில்லை.

கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' (1999), 'குளோவர்ஃபீல்ட்' (2008) கதையும் இதேதான். தலைசுற்றும் என்று அமெரிக்கத் தியேட்டர்களில் எச்சரிக்கை ஒட்டினார்கள். கண் 'ஓடுகிறோம்' என்கிறது, உள்காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டோம் போலிருக்கிறது என்று மூளை சந்தேகப்பட்டு வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அதற்குத் திரை கண்ணை நிறைக்க வேண்டும். பதினைந்து அங்குலத் திரையைச் சுற்றிப் பீரோ, காலண்டர், குக்கர் விசிலுக்கு எழுந்துபோகும் மனைவி எல்லாம் நிலையாகத் தெரிந்தால் எந்த மூளை ஏமாறும்? போதாக்குறைக்கு அவர் மகள் ஒருநாள் சொல்லிவிட்டாள்: "கீபோர்டுல ரைட் ஆரோ மட்டும் அழிஞ்சே போச்சு அங்கிள். அப்பா ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பார்."

தியேட்டரிலும் இவர் பார்ப்பதில்லை என்பதைச் சென்னைத் திரைப்பட விழாவில் கண்டுகொண்டேன். ஓரச் சீட்டுதான் வேண்டும் என்று முன்னாலேயே வந்து துண்டு போடுவார். அவசரத்துக்கு எழுந்து போக என்றுதான் நினைத்தேன். விளக்கு அணைந்ததும் முகம் திரையிலிருந்து கதவுப்பக்கம் திரும்பிவிடும். ஒவ்வொருவர் எழும்போதும் விரல் மடங்கும். இடைவேளையில் என் காதில் கிசுகிசுத்தார்: "பதினேழு. அதுல ரெண்டு பேர் கர்ச்சீப்போட. மாஸ்டர்பீஸ் சார்."

போன தீபாவளிக்குத் தூத்துக்குடியிலிருந்து இவருடைய மச்சினன் வந்திருந்தார். மதியம் மீன்குழம்பு. சாப்பிட்டு முடித்த கையோடு கிம் கி-டுக்கின் 'தி ஐல்' படத்தைப் போட்டார் நம்மவர். போலீஸ் வருவதைப் பார்த்து ஒருவன் தூண்டில் முள்ளைக் கொத்தாக விழுங்குகிற படம். 2000-ல் வெனிஸ் விழாவில் ஒரு பத்திரிகையாளர் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது அதற்குத்தான். நாற்காலியை மச்சினன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. மச்சினன் முன்னால் குனிந்தார். நம்மவர் முகம் மலர்ந்தது.

"அத்தான், கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. என்ன இவ, இப்படி இழுக்கா? முள்ளு ஏறிட்டா இழுக்கவே கூடாது. சதையைப் பிச்சுட்டு வந்துரும்."

"மாப்ளே, படத்தைப் பாரு."

"இந்தா, இந்த விரல்ல எனக்கு ஏறிச்சு அத்தான். இதுவழியா உள்ள போயிட்டு. எங்க சித்தப்பா அப்படியே அழுத்தித் தள்ளினாரு. தோலு மெதுவா கூடாரம் மாதிரி எழும்புச்சு பாருங்க, பொறவு டப்புன்னு அந்தப் பக்கம் நுனி வந்துச்சு. கட்டிங் பிளேயர்ல நுனியை நறுக்கிட்டு..."

இந்தக் கதைக்கு ரைட் ஆரோ கிடையாது. தழும்பு இருந்த விரல் நம்மவர் மூக்குக்கு நேராக நீட்டியபடியே இருந்தது. அவர் மிக்சர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஃபேனைக் கொஞ்சம் வேகமா வை" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மச்சினன் மீதிப் படத்தை ஆர்வமாகப் பார்த்துவிட்டு, ஏரி நன்றாக இருக்கிறது, எந்த ஊர் என்று விசாரித்தார்.

அதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தால் நீங்கள் இந்த ஜாதி மனிதர்களுடன் பழகியதில்லை. மறுவாரமே எனக்கு ஒரு லிங்க் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "சாப்பிடறதுக்கு முன்னாடி பாருங்க சார். அப்புறம் பார்த்தா சாப்பிட்டது வேஸ்ட்."