சர்பத்தும் சர்வரோக நிவாரணியும்

எலுமிச்சம்பழத்துக்கு வாய்த்திருப்பது போல் இத்தனை உத்தியோகங்கள் வேறு எந்தக் கனிக்கேனும் வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே. புது மோட்டார் வண்டியின் சக்கரத்தடியில் நசுங்குவதும், துர்க்கை சந்நிதியில் உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்டு விளக்காக எரிவதும், சித்தப் பிரமை பிடித்தவர் தலையில் தேய்படுவதும், ஜனவரி முதல் தேதியன்று கலெக்டர் பங்களா வாசலில் காத்திருப்பவர் கையில் மரியாதையாக உருள்வதும் அதுவே. இவ்வளவு ராஜாங்க காரியங்களுக்கு மத்தியில், கோடைப் பிற்பகலில் ஒரு தம்ளர் சர்பத்தாகும் சாவகாசமும் அதற்குக் கிடைக்கிறதென்றால், அந்த அற்ப சந்தோஷத்தையாவது நாம் கெடுக்காமல் விடலாம் அல்லவா? விடமாட்டோம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், முள்ளில் தாராளமும் காயில் சிக்கனமும் அனுஷ்டிக்கும் எலுமிச்சை மரம் ஒன்று உண்டு. பழம் புளியங்குடியிலிருந்து கடைத்தெருவுக்கு வந்து இறங்குகிறது. இலையாவது நம்முடையதாக இருக்கட்டும் என்ற சுதேசி உணர்ச்சியில், சர்பத்தில் நாலு எலுமிச்சை இலையைக் கசக்கிப் போடலாம் என்று குடும்ப சபையில் பிரஸ்தாபித்தேன். இது ஒன்றும் புரட்சி அல்ல. தயிர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வேப்பிலைக்கட்டியில் நாரத்தை இலையோடு இடிபடுவது இதே இலைதான். ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், ஊசிமுனையால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவ்வளவும் வாசனைத் தைலம் நிறைந்த நுண்ணிய பைகள்.

"வெறும் வாசனைக்கு எதுக்குடா இலையைப் பறிக்கணும்?" என்றாள் அம்மா. "கற்பூரவல்லி போடு, சளி அண்டாது."

அத்தை துளசியை முன்மொழிந்தாள். ஒரே வகுப்பைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்த எங்கள் மூத்த புத்திரனை உத்தேசித்து, ஞாபகசக்திக்கு வல்லாரையும் வேண்டும் என்றாள் என் சகதர்மிணி. பித்தத்துக்கு வில்வம் சேர்த்தால் சிலாக்கியம் என்று அத்தையே ஒரு திருத்தப் பிரேரணையும் கொண்டுவந்தாள். ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ளவனாதலால் நான் மௌனம் சாதிக்க, தீர்மானங்கள் யாவும் ஏகமனதாக நிறைவேறின.

இலைகள் கொதித்து இறங்கிய தீர்த்தம் முதலில் பச்சைப் பசேலென்று அழகாகவே இருந்தது. பழத்தைப் பிழிந்து சற்றைக்கெல்லாம் அது அழுக்குக் கபில நிறத்தை அடைந்தது. இலையின் பச்சைக்கு ஆதாரமாக அதன் நடுவில் வீற்றிருக்கும் மக்னீஷியத்தைப் புளிப்பு பதவி நீக்கம் செய்துவிடுவதால், வெந்த இலைக்கு இந்தக் கதி நேருவது ரசாயன சாஸ்திரப்படி நியாயமே. கற்பூரவல்லியின் ஓம வாசனையும் துளசியின் கிராம்பு நெடியும் சேர்ந்துகொண்டதில், கண்ணை மூடிக்கொண்டு குடித்தவருக்குப் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்த பிரமை ஏற்பட்டது. புத்திரன் ஒரு மடக்குக் குடித்ததும், தனக்கு ஜுரம் ஏதும் இல்லை என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கர்வி நோய் கண்டு ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சைகள் செய்து பார்த்ததில், தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்ற ஜோடியே சீக்கிரம் எழுந்து நடமாடிற்று. அரை நூற்றாண்டு யோசித்து, 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க இணங்கியபோது, அதை ரம்மோடு கலந்தே வார்த்தார்கள். மருந்தையும் பானமாக்கித் தந்த அந்த அதிகாரிகளின் லௌகிக ஞானத்தை நான் மெச்சுகிறேன். பானத்தை மருந்தாக்கும் சாமர்த்தியம் எங்கள் வீட்டாருடையது. (ரம்மை நான் சிபாரிசு செய்யவில்லை. வீட்டில் அத்தை இருக்கிறாள்.)

ஆகவே, வீடு முழுவதும் மத்தியானத் தூக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வேளையில் நான் தனியே தயாரிக்கும் சர்பத்துக்கு அடுப்பே கிடையாது. நாலைந்து எலுமிச்சை இலைகளின் நடுநரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கையால் அழுத்திப் பிசறினால், சர்க்கரையின் உராய்வில் தைலம் இறங்கிவிடும். இலையைக் கூழாக அரைக்கும் சுறுசுறுப்புக்காரர்களுக்குக் கசப்புத்தான் மிஞ்சும். நாலு தம்ளர் மண்பானைத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, விதை விழாமல் இரண்டு பழங்களைப் பிழிய வேண்டும். விதையும் தோலை ஒட்டிய வெண்சதையும் கசப்பின் இருப்பிடங்களாகையால், பிழிகிற கை சற்றே கருமிக் கையாக இருப்பது உத்தமம். தப்பி வரும் கசப்பை உப்பு அடக்கிக்கொள்ளும். பிழிந்த சாறு நேரம் செல்லச் செல்லக் கசக்கவும் கூடுமாதலால், வீட்டார் விழித்தெழும்வரை காத்திருப்பது பழத்துக்கு இழைக்கும் துரோகம் என்று, என் சுயநலத்துக்கு விஞ்ஞானத்தைத் துணைக்கழைத்துக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தார், அடுத்த வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார். வேறு வழியின்றி ஒரு தம்ளரை நீட்டினேன். கடைசிச் சொட்டுவரை ரசித்துக் குடித்தார்.

"பேஷ்! அபாரமாக இருக்கிறது, ஸார். இது எதற்கு நல்லது?"

"தாகத்துக்கு."

"அது சரி," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு முழங்காலில் வாயு. அதற்குக் கேட்குமோ?"

கேட்கும் என்றேன். இரண்டாவது தம்ளரையும் வாங்கி வைத்துக்கொண்டு, இதை ஆகாரத்துக்கு முன்னால் சாப்பிட வேண்டுமா, பின்னாலா என்று விசாரித்தார்.