வீட்டுக்காரனுக்கு மட்டும் ரகசியம்

கம்பளம் நெய்கிற ஊரில் தூதரகம் வைத்திருக்கிறோமே என்ற யோசனை அமெரிக்காவுக்கு இல்லாமல் போயிற்று. 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரான் தூதரகத்தின் சுவரேறி மாணவர்கள் குதித்தபோது, உள்ளே இருந்தவர்கள் கைக்குக் கிடைத்த ரகசியக் காகிதங்களை மெஷினில் விட்டு நாடா நாடாவாகக் கிழித்துத் தள்ளினார்கள். நாடாவாகக் கிழித்ததுதான் தப்பு. முடிச்சு முடிச்சாகப் போட்டுப் பூவும் கொடியும் வரவழைக்கிற கைகளுக்கு, எழுத்து இருக்கிற நாடாவைச் சேர்ப்பது ஒரு வேலையா? நெசவாளர்களை உட்கார வைத்து ஒட்டினார்கள். டஜன் கணக்கில் தொகுதிகள் போட்டு டெஹ்ரான் கடைகளில் விற்பனைக்கு வைத்தார்கள்.

அதில் சில தொகுதிகளை வாங்கிக்கொண்டு 1981இல் ஊர் திரும்பிய அமெரிக்கப் பத்திரிகையாளர்களை பாஸ்டன் விமான நிலையத்தில் நிறுத்திப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். ரகசிய ஆவணமாம்! டெஹ்ரானில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர்கூட கையோடு ஒன்று வாங்கி வரலாம். அமெரிக்காவில் அமெரிக்கர் படிக்கக் கூடாது. பத்திரிகையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் அரசு 16,000 டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது.

இத்தனை பட்ட பிறகு வாஷிங்டனுக்கு வந்த ஞானம், அடுத்த தடவை நல்ல மெஷினாக வாங்க வேண்டும் என்பதுதான் போலிருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த்தின் அலுவலகத்தில் இருந்த காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் பெயர் இன்டிமஸ் 007-எஸ். பெயர் வைத்தவன் வாழ்க. அது நாடா போடாது, பொடி போடும். இனி எந்த நெசவாளி வந்தாலும் ஒட்ட முடியாது.

இப்போது கதை. 1985. ஈரானும் இராக்கும் அடித்துக்கொண்டிருக்கின்றன. ஈரானுக்கு யாரும் துப்பாக்கி ரவைகூட விற்கக் கூடாது என்று ‘ஆபரேஷன் ஸ்டான்ச்’ என்ற பெயரில் அமெரிக்கா ஒவ்வொரு நாடாகப் போய் உபதேசம் செய்துகொண்டிருக்கிறது. ‘பயங்கரவாதத்துக்குத் துணை போகும் நாடு’ என்ற பட்டியலிலும் ஈரானைப் போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதே சமயம் லெபனானில் சில அமெரிக்கர்கள் பிணைக் கைதிகளாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிடித்து வைத்திருப்பவர்கள் ஈரான் சொன்னால் கேட்பவர்கள். ஆக, உபதேசம் செய்த வாயை மூடாமலே பின்கதவு வழியாக ஏவுகணை விற்பது என்று முடிவாயிற்று. முதலில் இஸ்ரேல் தன்னிடமிருந்ததைக் கொடுத்தது, பிறகு அமெரிக்காவே நேரடியாகக் கடை விரித்தது.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பெரிய ஆயுதம் விற்றால் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். உளவுத் துறை ரகசிய வேலை செய்தாலும் சொல்ல வேண்டும். 1986 ஜனவரி 17 அன்று ஜனாதிபதி ரீகன் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதன் சாரம்: சொல்லாதே.

இடைத்தரகர் மனூச்செர் கோர்பானிஃபர். இவர் புளுகர், நம்பாதீர்கள் என்று 1984இலேயே சிஐஏ தன் ஆட்களுக்குச் சுற்றறிக்கை விட்டிருந்தது. இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுப்போமே என்று 1986 ஜனவரியில் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்தார்கள். பெயரும் தேசமும் மட்டும் உண்மை. முக்கியமான மற்ற கேள்விகளில் கருவி கதறிவிட்டது. வியாபாரம் அவர் மூலமாகவே நடந்தது. உண்மை பேசுகிற ஆயுதத் தரகருக்கு எங்கே போவது, பாவம்.

லாபத்தையும் பாருங்கள். பென்டகன் கணக்கில் ஒரு டோ ஏவுகணை சுமார் 3,469 டாலர். ஈரானிடம் வாங்கியது 10,000. மிச்சத்தில் ஒரு பங்கு நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்கு. அவர்களுக்கு ராணுவ உதவி செய்யக் கூடாது என்று நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட்டிருந்தது. அது சும்மா, ஒரு ஓரமாக இருந்தது.

இதில் 1985 நவம்பர் சரக்கு ஒரு தனி நாடகம். ஹாக் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை. போர்ச்சுகல் வழியாக அனுப்பப் பார்த்தார்கள். அந்த நாடு இறங்கவிடவில்லை. எண்பது போக வேண்டிய இடத்தில் பதினெட்டுதான் போய்ச் சேர்ந்தது. காகிதத்தில் சரக்கின் பெயர், எண்ணெய்க் கிணறு தோண்டும் சாமான். பிரித்துப் பார்த்த ஈரான்காரர்களுக்கு ஆத்திரம். கேட்டது ஒரு ரகம், வந்தது பழைய ரகம். போதாக்குறைக்குச் சிலவற்றின் மேல் இஸ்ரேலின் நட்சத்திர முத்திரை அழிக்காமலே இருந்தது. ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் திருப்பியே அனுப்பினார்கள். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிற கடைக்காரனும், விடாத வாடிக்கையாளரும்.

சட்டப்படி இதற்கு ஜனாதிபதியின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். முன்கூட்டி வாங்கவில்லை. அதனால் என்ன, டிசம்பர் 5 அன்று பின்கூட்டி வாங்கினார்கள். குழந்தை பிறந்த பிறகு முகூர்த்தம் குறித்த மாதிரி ஒரு காகிதம். அதில் வேறு, ஆயுதம் கொடுத்துப் பிணைக் கைதியை மீட்கிற விவகாரம் அப்பட்டமாக எழுதியிருந்தது. கையெழுத்தான பிரதி ஒன்றே ஒன்று. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டர் அதைப் பூட்டி வைத்திருந்தார். அதன் கதி கொஞ்ச நேரத்தில்.

1986 மே 25. பாயின்டெக்ஸ்டருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ராபர்ட் மக்ஃபார்லேன், நார்த், இன்னும் சிலர், போலி அயர்லாந்து பாஸ்போர்ட்டோடு டெஹ்ரானில் இறங்குகிறார்கள். கையில் டெல் அவிவில் வாங்கிய சாக்லேட் கேக். மேலே பித்தளைச் சாவி ஒன்று. நட்பின் கதவைத் திறக்கும் சாவியாம். டெஹ்ரானுக்கு இஸ்ரேல் பேக்கரி கேக், அதுவும் ரம்ஜான் நோன்பு மாதத்தில். வரவேற்க யாரும் வரவில்லை. விமான நிலையத்திலேயே புரட்சிக் காவலர்கள் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்கள். மூன்று நாள் ஹோட்டலில் பேசிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்த ஆகஸ்டில் இன்னொரு கூத்து. கான்ட்ராக்களுக்காக புருனேயிடம் ஒரு கோடி டாலர் கேட்டு வாங்கினார்கள். கேட்கப் போன வெளியுறவுத் துறை அதிகாரி எலியட் ஆப்ரம்ஸ் ‘கெனில்வொர்த்’ என்ற புனைபெயரில் லண்டனில் ஆளைச் சந்தித்தார். புருனே நாணயமாகப் பணம் போட்டது. ஆனால் இவர்கள் கொடுத்த சுவிஸ் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் கணக்கில் ஒரு கோடி டாலர். அவ்வளவு கட்டிக் காத்த ரகசியம். பணம் எங்கே இருக்கிறது என்று காத்தவர்களுக்கே தெரியவில்லை.

இப்படியாக, ஈரானுக்குத் தெரியும். இஸ்ரேலுக்குத் தெரியும். தரகருக்கும் சுவிஸ் வங்கிக்கும் தெரியும். கேக் தின்ற காவலர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்: அமெரிக்க நாடாளுமன்றம், அதற்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள். அவர்களுக்குச் சேதி சொன்னது பெய்ரூட்டிலிருந்து வந்த அல் ஷிரா என்ற பத்திரிகை. 1986 நவம்பர் 3 அன்று மக்ஃபார்லேனின் பயணத்தைப் போட்டு உடைத்தது.

பத்து நாள் கழித்து ரீகன் டிவியில் வந்தார். பிணைக் கைதிக்கு ஆயுதம் கொடுக்கவே இல்லை, அனுப்பியதெல்லாம் சேர்த்தாலும் ஒரே சரக்கு விமானத்தில் அடங்கிவிடும் என்றார். போனது 2,004 டோ. ஹாக்கும் உதிரி பாகங்களும் தனி. வெளியே வந்த பிணைக் கைதிகள் மூன்று பேர். அந்தச் செப்டம்பர், அக்டோபரில் பெய்ரூட்டில் புதிதாகப் பிடிபட்ட அமெரிக்கர்களும் மூன்று பேர். கணக்கு நேர்.

நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் விசாரிக்கப் போகிறார் என்று சேதி வந்ததும் 007 விழித்துக்கொண்டது. நார்த்தும் அவருடைய செயலாளர் ஃபான் ஹாலும் கட்டுக் கட்டாக ஊட்டினார்கள். பாயின்டெக்ஸ்டர் பூட்டைத் திறந்து, அந்தப் பின்கூட்டிக் காகிதத்தை எடுத்துக் கிழித்தார். அரசியல் ரீதியாகச் சங்கடமாக இருக்கும் என்பதால் கிழித்தேன் என்று பிற்பாடு சாட்சிக் கூண்டில் அவரே சொன்னார். இதில் மட்டும் ஒளிவுமறைவு கிடையாது. மறுநாள் நீதித் துறை ஆட்கள் தன் அறையில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே போய்க் கிழித்ததாக நார்த் சொன்னார். அவ்வளவு கிழித்தும், ஈரான் பணத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் கான்ட்ராக்களுக்குப் போகும் என்று எழுதிய குறிப்பு ஒன்று ஃபைலிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் அந்த ஆட்கள் எடுத்தார்கள். எடுத்துவிட்டு, மீஸோடு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். அமெரிக்க ஜனநாயகம் கவிழ்ந்தாலும் சரி, சாப்பாட்டு வேளை சாப்பாட்டு வேளைதான்.

25ஆம் தேதி நார்த்துக்கு வேலை போயிற்று. அறைக்குக் காவல் போட்ட பிறகு, ஃபான் ஹால் மீதிக் காகிதங்களைப் பூட்ஸுக்குள்ளும் உடைக்குள்ளும் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

ஆனால் காகிதத்தை ஜெயித்தவர்களைக் கம்ப்யூட்டர் கவிழ்த்தது. வெள்ளை மாளிகையில் அப்போதே ஐபிஎம்மின் ‘ப்ராஃப்ஸ்’ என்ற மின்னஞ்சல் இருந்தது. நார்த் யார் கண்ணிலும் படாமல் தனக்கு நேராக எழுத, பாயின்டெக்ஸ்டர் ஒரு தனி வழி போட்டுக் கொடுத்திருந்தார். அதன் தலைப்பு ‘ப்ரைவேட் பிளாங்க் செக்’. வெற்றுக் காசோலை. சிலருக்குத் தலைப்பு வைக்கத் தெரியாது என்று யார் சொன்னது? அந்த வாரம் பாயின்டெக்ஸ்டர் 5,012 செய்திகளை அழித்தார். நார்த் தன் 758இல் 736ஐ அழித்தார். பொத்தானைத் தட்டினால் போய்விடும் என்று நினைத்தார்கள். தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த, பெயர்கூட யாருக்கும் தெரியாத ஆட்கள், வழக்கம்போல எல்லாவற்றையும் நாடாவில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். திரும்பவும் நாடா.

விசாரணைக் குழு ரீகனைக் கூப்பிட்டது. இஸ்ரேல் அனுப்பிய முதல் சரக்குக்கு அனுமதி தந்தேன் என்றார் ஒரு தடவை. அடுத்த தடவை, இல்லை என்றார். அதைச் சொல்ல உதவியாளர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் எடுத்தவர், ‘இந்தக் கேள்வி வந்தால், ஆச்சரியப்பட்டதாகச் சொல்லலாம்’ என்ற பகுதியையும் சேர்த்து உரக்கப் படித்துவிட்டார். அடைப்புக்குறிக்குள் ‘அழுதபடி’ என்று போட்டிருந்தால் அதையும் வசனமாகப் பேசுகிற நடிகர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் திரையில் இருந்தவர் என்பதுதான் வேதனை. மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது: ஞாபகமே இல்லை.

வழக்குகளும் ரகசியத்தில்தான் செத்தன. கோஸ்டா ரிகாவில் சிஐஏ தலைமை அதிகாரியாக இருந்தவர் மேல் வழக்கு வந்தபோது, அந்த வட்டாரத்தில் சிஐஏ நிலையங்கள் இருக்கின்றன என்பதை நீதிமன்றத்தில் சொல்ல அரசு சம்மதிக்கவில்லை. பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. 1989இல் வழக்குத் தள்ளுபடி. பாதுகாப்பு அமைச்சராக இருந்த காஸ்பர் வைன்பெர்கர், குறிப்பு எழுதும் பழக்கமே கிட்டத்தட்டக் கிடையாது என்கிற மாதிரி சாதித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவர் கையெழுத்தில் நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தன. ஒளித்து வைக்க நூலகத்தைவிட நல்ல இடம் ஏது, அங்கே யார் படிக்கப் போகிறார்கள்? விசாரணை தொடங்குவதற்குள், 1992 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் மன்னித்தார். ஆவணங்களை அழித்ததும் சேர்ந்து நார்த்துக்கு வந்த தண்டனை மேல்முறையீட்டில் போயே போயிற்று.

மிஞ்சியது நாடாக்கள். 1989 ஜனவரி 19, ரீகன் பதவியின் கடைசி முழு நாள். நாளைக்குள் கம்ப்யூட்டரைத் துடைத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்து, நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்ற தனியார் அமைப்பு நீதிமன்றம் ஓடிற்று. டெலிபோன் வந்ததாக எழுதி வைக்கிற துண்டுச் சீட்டு மாதிரிதான் மின்னஞ்சலும், அது ஆவணமே இல்லை என்றது அரசு. சாயங்காலம் ஆறு மணி தாண்டி நீதிபதி பார்க்கர் தடை போட்டார். பிறகு புஷ் அரசும் சண்டை போட்டது. புஷ் போன பிறகு, எதிர்க்கட்சிக்காரரான கிளின்டன் வந்தார். அவர் அரசும் அதே சண்டையைப் போட்டது. புஷ் பதவி விட்டிறங்குவதற்கு முந்தின ராத்திரி, தேசிய ஆவணக் காப்பாளர் அந்த நாடாக்களின் கட்டுப்பாட்டை அவருக்கே எழுதிக் கொடுத்தார்; கொஞ்ச நாளில் புஷ் பெயரிலான நூலக மையத்துக்கு இயக்குநராகப் போனார். நீதிமன்றம் அந்த எழுத்தையும் செல்லாது என்றது.

1995இல் அந்த மின்னஞ்சல்களில் ஒரு பகுதி புத்தகமாக வந்தது. கூடவே ஒரு ஃப்ளாப்பியும் கொடுத்தார்கள். அமெரிக்கக் கடைகளிலேயே கிடைத்தது, டெஹ்ரான் வரை போக வேண்டியிருக்கவில்லை.