கறம்பக்குடியில் துத்தநாகம் உருக்கக் கூடாது

2017 பிப்ரவரி 15. டெல்லியில் மத்திய அமைச்சரவை கூடி, 31 இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கலாம் என்று அருள்பாலித்தது. அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். பலாவும் வாழையும் கடலையும் விளைகிற ஊர். கீழே என்ன இருக்கிறது என்று அந்த ஊரார் யாரிடமும் விசாரித்ததில்லை.

மறுநாளே நாடியம்மன் கோயில் திடலில் எதிர்ப்புக் கூட்டம் சேர்ந்துவிட்டது. 22 நாள் ஆனதும், "மக்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம்" என்று டெல்லி சொன்னது. ஊரும் பாயைச் சுருட்டியது. மார்ச் 27-இல் பார்த்தால், கர்நாடகத்து ஜெம் நிறுவனத்துடன் ஒப்பந்தக் கையெழுத்தே ஆகிவிட்டது! சம்மதத்தை யாரிடம் வாங்கினார்களோ! மறுபடி பாய் விரித்து 174 நாள் போராட்டம், ஒப்பாரி வைப்பது உட்பட.

மூன்று வருஷம் கழித்து அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு விவசாயி ஞாபகம் வந்தது. 2020 பிப்ரவரி 9-இல் தலைவாசலில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்; 20-ஆம் தேதி பேரவையில் அதற்கான சட்டம் நிறைவேறியது. இடையில் பதினோரு நாள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்ட தி.மு.க. வெளிநடப்பு செய்ததோடு சரி.

சட்டத்தின் தடைப் பட்டியல் படிக்கப் படிக்கச் சுவை. ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும், இருக்கிறது, சரி. கூடவே துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, அலுமினிய உருக்காலை. நெடுவாசலின் அதே மாவட்டத்துக் கறம்பக்குடிச் சந்தையில் துத்தநாகம் உருக்கலாமா என்று எவன் கேட்டான்? கேட்காததை எல்லாம் தடுத்தவர்கள், ஏற்கெனவே நடக்கிற வேலைகளை மட்டும் தொடவில்லை. குழாய்ப்பாதைக்கும் துறைமுகத்துக்கும் வழிவிட்டார்கள்.

மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்துக்குத்தான் காவிரிப் பாக்கியம். கறம்பக்குடியின் வேலியைத் தாண்டிய கந்தர்வகோட்டைக் கடலைக்குப் பாதுகாப்பு கிடையாது. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போடக் கடலைக்குத் தெரியாதே! மண்டலத்தைக் காக்கும் ஆணையத்துக்குத் தலைவர் முதலமைச்சரே. பஞ்சாயத்துத் தலைவர் பாவம், கிராம சபையில் டீ வாங்கிக் கொடுக்கலாம்.

மேல்மண்ணுக்கு இப்படிச் சென்னை சட்டம் போட, எண்ணெயோ அரசியலமைப்பின்படி மத்தியப் பட்டியலில் சுகமாகக் கிடந்தது. 2021 ஜூனில் டெல்லி அடுத்த ஏலத்தை அறிவித்தது. பட்டியலில் வடதெரு, அதே மாவட்டம், நெடுவாசலுக்குப் பக்கம். ஏலத்தை நிறுத்தும்படி புது முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டம் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்கிறீர்களா? நெடுவாசல்காரர்களைக் கேளுங்கள், பாயோடு வந்து சொல்வார்கள்.