இலவசக் குடை

கேள்வி: எங்கோ இருந்து ஆள்பவனை எதிர்த்து மக்கள் கிளம்புவது ஏன்? வரிச்சுமையாலா?
- ஒரு வாசகர், பாலவனத்தம்

பதில்: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்கிறீர்! உங்கள் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவருக்கு என்ன சுமை? 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தவர், புலவர்களோடு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் 1906இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் தலைவரானார். போட்டிக்கு வெள்ளையர் கம்பெனி தூத்துக்குடி-கொழும்பு கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது, குடையும் கொடுத்ததாம்! (நம் தேர்தல்களுக்கு முன்னோடி.) 1773இல் அமெரிக்காவின் பாஸ்டன்காரர்கள் ஆங்கிலேய அரசை எதிர்த்துக் கடலில் கொட்டியதும் மலிவுத் தேயிலையைத்தான். காசு அல்ல, 'உன்னைக் கேட்க வேண்டுமா?' என்ற தோரணைதான் உறுத்துகிறது. ஓசிக்கும் மசியாதவரை என்ன செய்வது? 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.