பிடித்தமும் பிடிக்காததும்

சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்களே, நம்மேல் அவ்வளவு அவநம்பிக்கையா?

வந்த பிறகு கேட்டால் கொடுத்துவிடுவீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

ரீஃபண்ட் என்பது அரசாங்கம் தரும் போனஸ்தானே?

ஆசைதான்! கூடுதலாகப் பிடித்த உங்கள் பணமே திரும்பி வருகிறது. கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால், ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் உண்டு. ரீஃபண்ட் உங்கள் வரியில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் வட்டி கிடையாது. அந்த வட்டிக்கும் வரி உண்டு என்பதை மெதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

கம்பெனி பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விழுங்கிவிட்டால்?

ஏப்பம் அவர்களுக்கு, அஜீரணம் உங்களுக்கு என்று சட்டம் சொல்லவில்லை. பிடித்த தொகையை உங்களிடம் மறுபடி கேட்க முடியாது. ஆனால் சம்பள ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள். வரி வரவானதா என்று ஆன்லைனில் அவ்வப்போது பாருங்கள்.

இந்தியாவில் வருமான வரியைத் தொடங்கிவைத்த புண்ணியவான் யார்?

ஜேம்ஸ் வில்சன், 1860-இல். அதே ஆண்டு கல்கத்தாவில் காலமானார். வரியும் 1865-இல் போனது. ஆனால் அது மட்டும் திரும்பி வந்துவிட்டது!