பிடிபடாத கோழியே வாங்கத் தக்கது

புறக்கடையில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படுவோருக்குத் தமிழ்நாட்டில் கோழி விற்பவர்கள் நான்கு வகைப்படுவர்: தெருவில் வருபவர், சந்தையில் நிற்பவர், பண்ணை வைத்திருப்பவர், விற்க மாட்டேன் என்பவர். இவர்களில் நான்காமவரே நம்பத் தகுந்தவர். ஆனால் வாங்குவோர் முதலாமவரிடம் தொடங்கி, ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் பணத்தை விட்டுவிட்டுத்தான் அவரிடம் வந்து சேர்கின்றனர்.

தெருவில் வருபவர் சைக்கிளில் கூடை கட்டிக் கலர் குஞ்சு விற்பவர். ரோஸ், பச்சை என்று கோழி இனத்தில் நிறம் கிடையாது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் வாங்கச் சொல்லி அழுவது அவர்கள் அல்லர். இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிடப்பட்ட சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறியும் அதிகம் வைக்காது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பல்பு இல்லாத அட்டைப்பெட்டியில் அது கிடைப்பதில்லை. தப்பிப் பிழைப்பது சாயம் போய் வெள்ளைச் சேவலாகி, விடியற்காலை நாலு மணிக்குத் தெருவையே எழுப்பும். அதற்குள் குழந்தைகள் பெயர் வைத்துவிடுவதால் குழம்பும் வைக்க முடியாது.

அடுத்தது சந்தை. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை போன்ற இடங்களுக்குக் கோழி தெரிந்தவர்கள் விடியும் முன்பே போய்விடுவார்கள்; தெரியாதவர்கள் காபி குடித்துவிட்டுப் போய், அவர்கள் வேண்டாமென்று வைத்ததை வாங்குவார்கள். எடைக்கு விற்கும் இடத்தில் கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையை அழுத்திப் பார்ப்பது வழக்கம். அது கல் போல இருந்தால், மக்காச்சோளத்தோடு மணலையும் கோழி விலைக்கு வாங்குகிறோம் என்று அர்த்தம். பத்து ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் மூச்சு விடுவதால், நோயும் இலவச இணைப்பாக வந்துவிடும். ஒரு ஊரே திடீரென்று மலிவு விலைக்குக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தால், அந்த ஊரில் கழிச்சல் நுழைந்துவிட்டது என்று கொள்வது பழைய பாடம். மலிவு என்பது கோழியைப் பொறுத்தவரை ஒரு நோய்க்குறி.

மூன்றாமவர் பண்ணைக்காரர். நந்தனம் கோழி, தனுவாஸ் அசில் என்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரகங்கள் உண்டு. தனியார் பண்ணைகளில் ஒழுங்கானவையும் உண்டு; ‘ஒரிஜினல் நாட்டுக்கோழி’ என்று பலகை வைத்த பிறகு நாட்டைத் தேடுபவையும் உண்டு. அங்கே கருப்பு இறகுள்ள எதுவும் கருங்கோழி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல் இந்த உறவு முறை இன்னும் விரிந்துவிட்டது. உண்மையான கடக்நாத்துக்குத் தோலும் கொண்டையும் நாக்கும்கூடக் கருமை ஓடியிருக்கும். ஆகவே கோழியின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அது, விற்பவர் வாயை மூடுவதைவிடச் சுலபம்.

நான்காமவர் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாரத்தில் கோழி கவிழ்க்கும் பாட்டி. கேட்டதும், “விக்கிறதுக்கு இல்ல சாமி” என்பார். இரண்டாம் முறை போனால், “எதுக்கு, அறுக்கவா வளர்க்கவா?” என்று கேட்பார். மூன்றாம் முறை, “அந்தக் கருப்பு வெடையை வேணா புடிச்சுக்க” என்பார். சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆரோக்கியமான கோழி பகலில் யாருக்கும் பிடிபடாது. கருப்பு வெடை வைக்கோல் போரைச் சுற்றும், வேலிக்குள் நுழையும், கூரையில் ஏறி நின்று, கீழே மூச்சு வாங்கும் மனிதரைத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். அதே நேரத்தில் மூலையில் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் இன்னொன்று கையை நீட்டினால் அப்படியே வந்துவிடும். அது சீக்குக்கோழி. ஆக, வாங்க வேண்டிய கோழியைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடிந்த கோழியை வாங்கக் கூடாது. இந்த முரண்பாட்டுக்குக் கிராமம் கண்ட தீர்வு, விளக்கு வைத்த பிறகு வருவது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. அடைந்த இடத்திலிருந்து பழத்தைப் போல எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்த கோழியை டார்ச் வெளிச்சத்தில் முறையாகப் பார்க்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்க வேண்டும்; மூக்கில் சளி கூடாது; கொண்டை சிவந்திருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்தி முனை போலக் கையில் குத்தக் கூடாது. இறக்கைக்கு அடியில் பேன் ஓடக் கூடாது. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பின்புறத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கடைசியாகக் கோழியைக் காதருகே வைத்து மூச்சைக் கேட்க வேண்டும். கொர்கொர் என்றால் திரும்ப வைத்துவிட வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி ஒன்றுதான்: தடுப்பூசி போட்டாயிற்றா? வெள்ளைக்கழிச்சல் இங்கிலாந்தில் நியூகாசில் என்றும், இந்தியாவில் ராணிக்கெட் என்றும் இரண்டு ஊர்களின் பெயரைக் கெடுத்த நோய். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் இதை இலவசமாகவே போடுகிறார்கள். அன்றைக்கும் கோழியைப் பிடித்தாக வேண்டும் என்பதுதான் செலவு.

வாங்கி வந்த கோழியை உடனே மற்றவற்றோடு விடக் கூடாது. முட்டை பொரிய 21 நாள். புதுக்கோழியைத் தனியே வைத்துப் பார்க்கவும் ஏறத்தாழ அதே மூன்று வாரம். தீனியும் தண்ணீரும் தனி. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுப் பிறகுதான் புதியதிடம் போக வேண்டும்.

விற்றவர் நல்லவரா என்பது இந்த மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடும். மற்ற மூவரும் பணம் கைமாறியதும் அடுத்த தெருவில் இருப்பார்கள். பாட்டி மட்டும் அந்தப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம், “கருப்பு வெடை இரை எடுக்குதான்னு கேட்டுச் சொல்லு” என்று சொல்லி அனுப்புவார். அடுத்த கோழியையும் அவரிடமே வாங்கலாம். என்ன, மறுபடியும் மூன்று முறை நடக்க வேண்டும்.