வாங்கிவிடலாம், இறக்குவது எங்கே?

கேள்வி: பாகம் பாகமாக விற்கும் குட்டி விமானத்தை வாங்கி வீட்டிலேயே பூட்டலாமாமே! பழவேற்காட்டுக்கு எந்த மாடல், எந்தச் சக்கரம் தோது?

பதில்: பூட்டலாம். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தில் உட்கார்ந்தபடி தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' பாகங்களை வாங்கி, நான்கு இருக்கை விமானமாக்கி, 2022-ல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைச் சுற்றினார். அதற்கு மூக்கில் ஒரு சக்கரம். தார் ஓடுதளத்தில் அது சமர்த்து. பழவேற்காட்டை ஒட்டிய கோரைக்குப்பம் மணலில் மூக்கு புதைந்தால் ப்ரொப்பெல்லர்தான் மண்வெட்டி.

மணலுக்கு வால் சக்கரம் தேவலை. ப்ரொப்பெல்லர் உயரத்தில் நிற்கும், முன்னால் பெரிய டயர் மாட்டலாம். ஆனால் எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், இறங்கும்போது கொஞ்சம் கோணினாலும் வால் முந்திக்கொண்டு வந்து விமானத்தையே சுழற்றிவிடும்.

மிதவை மாட்டிப் பழவேற்காடு ஏரியில் இறங்கினால்? சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்! போதாததற்கு வலை, கம்பு, படகு. 'பாடு' முறையில் முறைவைத்து மீன்பிடிக்கிறவர்கள், கிழிந்த வலைக்குக் கணக்குக் கேட்காமல் விடமாட்டார்கள். குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் வேறு. ஏரியே பறவைகள் சரணாலயம். பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் மீன்பிடிப் படகுக்கே தடை, விமானத்தை விடுவார்களா?

குஜராத்தில் சபர்மதிக்கும் கேவடியாவுக்கும் இடையே 2020 அக்டோபர் 31-ல் தடபுடலாகத் தொடங்கிய கடல் விமானச் சேவையே 2021-ல் நின்றுபோனது. ஆகவே நம் சிபாரிசு: ஃபைபர் படகு, நல்ல இன்ஜின். சக்கரத் தகராறே கிடையாது.